பை-ஹோல் பழைய கடவுச்சொல்லை ஏற்கவில்லையே?

கேள்வி: வீட்டு வைஃபை முழுக்க விளம்பரத்தைத் தடுக்க டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் கருவி) பை-ஹோல் ஓட்டுகிறேன். புதுப்பித்து, கன்டெய்னரை, அதாவது அந்தப் பெட்டியை, புதிதாகப் போட்டதும் ‘வெப்பாஸ்வேர்ட்’ என்ற சூழல் மாறியில் (தொடங்கும்போது தரும் அமைப்பு) தந்த கடவுச்சொல் செல்லவில்லை. ஏன்?

பதில்: நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தது இதில்தான். 2025-இல் வந்த 6-ஆம் பதிப்பு அந்த மாறியைக் கண்டுகொள்வதில்லை. இப்போது அதற்குப் பதிலான மாறியின் பெயரை ஆங்கிலத்தில் இப்படி எழுத வேண்டும்: முதலில் ‘எஃப்டிஎல்கான்ஃப்’ பெரிய எழுத்தில், பிறகு ‘வெப்சர்வர்’, ‘ஏபிஐ’, ‘பாஸ்வேர்ட்’ சிறிய எழுத்தில், இடையிடையே அடிக்கோடு. பெயர் நீளம்தான், என்ன செய்வது! எதுவும் தராமல் புதிதாகத் தொடங்கினால் அதுவே ஒரு கடவுச்சொல்லை உருவாக்கி லாகில் (கன்டெய்னரின் பதிவேட்டில்) எழுதிவைக்கும்.

அப்புறம், மாறியில் தந்த அமைப்பை வலைப்பக்கத்தில் மாற்ற முடியாது. மாறிகளை எழுதிவைத்திருக்கும் கம்போஸ் கோப்பைத் திருத்துங்கள். வெறும் ரீஸ்டார்ட் போதாது. ‘டாக்கர் கம்போஸ் அப்’ கொடுத்து கன்டெய்னரை மறுபடி உருவாக்க வேண்டும்.