வியட்நாம்: இரண்டு புத்தகங்கள், ஒரு போர்

வணக்கம் ஐயா,

வியட்நாம் போரைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு புத்தகங்கள் படித்தேன். அமெரிக்கா ஒருநாளும் ஜெயித்திருக்க முடியாத போர் என்கிறது ஒன்று. ஜெயித்திருக்க வேண்டிய போரை வாஷிங்டன் கோட்டைவிட்டது என்கிறது மற்றது. இருவருமே பேராசிரியர்கள், இருவருமே ஆவணம் காட்டுகிறார்கள். அப்படியென்றால் வரலாறு என்பது அவரவர் அபிப்பிராயம்தானா?

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. 1964 ஆகஸ்ட் 4 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு வியட்நாமை ஒட்டிய டோன்கின் வளைகுடாவில் மேடாக்ஸ், டர்னர் ஜாய் என்று இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள். கும்மிருட்டு. டார்பிடோ வருகிறது, டார்பிடோ வருகிறது என்று சோனார் (நீருக்கடியில் வரும் ஒலியைப் பிடிக்கும் கருவி) கேட்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கப்பல்கள் இருட்டைப் பார்த்துச் சுடுகின்றன. சில மணி நேரத்தில் அங்கிருந்த தளபதி ஹெரிக்கே மேலிடத்துக்குச் செய்தி அனுப்புகிறார்: வானிலையும் சோனார்காரர்களின் பதற்றமும் காரணமாக இருக்கலாம், முழுதாக ஆராயாமல் மேற்கொண்டு எதுவும் செய்யவேண்டாம் என்று. வாஷிங்டன் காத்திருக்கவில்லை. வடக்கு வியட்நாம் மீது குண்டுவீச அமெரிக்க அதிபர் ஜான்சன் உத்தரவிட்டார். மூன்றே நாளில் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அவருக்குக் கொடுத்தது. செனட்டில் எதிர்த்து ஓட்டுப்போட்டவர்கள் 2 பேர்.

அன்றிரவு தாக்குதல் நடக்கவில்லை என்பதில் இன்று அநேகமாகச் சண்டையே இல்லை. 2005-ல் வெளியிடப்பட்ட அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் (NSA, ஓர் உளவு அமைப்பு) உள் ஆய்வும் அதைத்தான் சொன்னது. ஜான்சன் தெரிந்தே ஏமாற்றினாரா, நம்ப விரும்பியதை நம்பிவிட்டாரா என்பதில்தான் சண்டை. அதாவது நடந்தது எது என்பது ஒரு கேள்வி, ஏன் நடந்தது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆவணம் பெரும்பாலும் பதில் சொல்லிவிடும்.

சரி, உங்கள் இரண்டு புத்தகங்கள். அவை பிரிவது கதையை எங்கே தொடங்குவது என்பதில். 1945-ல் ஹனோயின் பா தின் சதுக்கத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் வாசித்ததிலிருந்து தொடங்கினால், இது காலனி எதிர்ப்புப் போராட்டம். அமெரிக்கா அதில் பாதியில் வந்து நுழைந்த அந்நியன். வடக்கையும் தெற்கையும் இணைக்க 1956-ல் நடக்கவேண்டிய தேர்தல் நடக்காமல் போனதுதான் அங்கே மையம். அமெரிக்கா ஆதரித்த தெற்கில் ங்கோ தின் தியெம் கட்டிய அரசிலிருந்து தொடங்கினால், 1963 நவம்பரில் அமெரிக்க ஆசியோடு நடந்த ராணுவக் கவிழ்ப்பும் அவர் கொலையும்தான் பெரிய தவறாகத் தெரியும்.

நான் முதல் பக்கம். 1963 ஜூனில் தெற்கின் தலைநகர் சைகோனின் தெருவில் தியெம் ஆட்சியை எதிர்த்து ஒரு பௌத்தத் துறவி தீக்குளித்தார். மக்களை அந்த அளவுக்குத் தள்ளிய ஆட்சி நிலைத்திருக்கும் என்று என்னால் நம்பமுடியவில்லை. ஆனால் தெற்கு வியட்நாமியர் வெறும் பொம்மைகள் இல்லை, அவர்களுக்கும் சொந்த விருப்பங்கள் இருந்தன என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டாம் பக்கம்தான்.

அப்புறம் வடக்கின் தலைநகரான ஹனோயின் ஆவணங்களை வியட்நாமிய மொழியிலேயே படித்தவர்கள் வந்தார்கள். 60-களில் முடிவெடுத்தவர் ஹோ சி மின்னைவிட கட்சியின் தலைமைச் செயலாளர் லெ துவான்தான், 1968 டெட் (வியட்நாமியப் புத்தாண்டு) தாக்குதலை ஹனோய் தலைமையிலேயே சிலர் ஏற்கவில்லை என்று காட்டினார்கள். இது இரண்டு தரப்புக்குமே சங்கடம். அடுத்த புத்தகத்தை எடுக்கும்போது முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போய், ஆசிரியர் வியட்நாமிய மூலங்கள் எத்தனை பார்த்திருக்கிறார் என்று எண்ணிவிட்டு, பிறகு முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள்.