மான் வேட்டைக்கு எந்தக் காலிபர், எந்த ரவை?

நெடுங்கேணித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: கனடாவுக்குப் போகிறேன், அங்கே லைசன்ஸ் எடுத்தால் மான் வேட்டைக்குப் போகலாமாம், எந்தக் காலிபர் துவக்கு வாங்க, எந்த ரவை போட?

தம்பி, இந்தப் பதில் கனடாவுக்கு மட்டும். காலிபர் என்று இங்கே சொல்வது துவக்கு எந்த அளவு ரவைக்குச் செய்தது என்பதை; ரவை என்றால் குண்டும் வெடிமருந்தும் சேர்ந்த தோட்டா. இங்கே வன்னியில் மானுக்கோ மரைக்கோ வெடி வைத்தால், 1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, வனஜீவராசிகள் ஆட்களிடம் பிடிபட்டால் கோட்டுக்கு அலைய வேண்டியதுதான். கட்டுத்துவக்குக் (மிருகம் வரும் வழியில் கட்டி வைக்கிற பொறித் துவக்கு) கதையே வேண்டாம். அதற்கு மான் எது, தேன் எடுக்க வந்த மனிசன் எது என்று தெரியாது.

நான் ஒன்ராறியோவில் 14 வருசம் இருந்துவிட்டு இப்போது ஒட்டுசுட்டானில் வயல் பார்க்கிறேன். அங்கே வாங்கிய முதல் துவக்கு .300 வின்செஸ்டர் மக்னம். பெரிசாக இருந்தால் நல்லது என்ற நினைப்பு, வேறென்ன. முதல் நாளே ஸ்கோப்புக்குக் (குறி பார்க்கும் தொலைநோக்கி) கிட்டக் கண்ணை வைத்து விசையை இழுத்தேன், அது பின்னால் வந்து வலப் புருவத்தில் பிறை மாதிரி வெட்டிவிட்டது. "சண்டையில பட்டதோ அண்ணை" என்று தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள், உண்மையைச் சொல்ல வெட்கம். காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. விசையில் விரல் போனாலே கண் தானாக மூடும். அந்த வருசம் 80 யாரில் (கஜத்தில்) குறுக்காக நின்ற மானைத் தவறவிட்டேன்.

அடுத்த வருசம் .308 வாங்கினேன், பிறகு மாற்றவில்லை. .308, .30-06, .300 மக்னம் மூன்றிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான், பின்னால் இருக்கிற வெடிமருந்துதான் கூடக் குறைய. அந்தக் காட்டுக்குள் 100 யாருக்கு மேல் தெளிவாகத் தெரிந்தாலே பெரிய விசயம், அதற்கு எதற்கு மக்னம்? தோளில் இடிப்பது பிடிக்காவிட்டால் 6.5 கிரீட்மோர், அல்லது 1955இல் வந்த .243. இரண்டும் மானுக்குப் போதும். ஒன்று, .308 என்றால் 7.62 தானே என்று நம் ஆட்கள் உடனே பழைய நினைவுக்குப் போவார்கள். அது 7.62×51. ஏகேயின் ரவை 7.62×39, கோது கட்டை, அது வேறு இது வேறு.

என்னைக் கேட்டால் காலிபரை விடக் குண்டின் வகைதான் முக்கியம். முழுதாகச் செம்பு உறை போட்ட இராணுவ ரவை மலிவு என்று வாங்காதே, அது விரியாமல் ஊசி மாதிரி ஊடுருவிப் போகும், மான் காயத்தோடு ஓடிப் பற்றைக்குள் கிடந்து சாகும். நுனியில் ஈயம் தெரிகிற சொஃப்ட் பொயின்ற் வாங்கு, .308க்கு 150 கிறெயின். பெட்டியில் எழுதியிருக்கும் அந்தக் கிறெயின் குண்டின் நிறை, மருந்தின் அளவு இல்லை. 150 கிறெயின் கிட்டத்தட்ட 9.7 கிராம், ஒரு தங்கப் பவுணை விடக் கொஞ்சம் கூட. ஈயக் குண்டு உடைந்தால் துகள் இறைச்சிக்குள் தூரம் போகும், காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஈயமே இல்லாத, விரிகிற முழுச் செம்புக் குண்டு எடு (செம்பு உறை போட்ட இராணுவ ரவை இல்லை), விலை கூடத்தான்.

அப்புறம், எந்த ரவையில் குறி சரிப்படுத்தினாயோ அதையே கொண்டு போ. ஒருமுறை கடையில் 150 முடிந்து 180 கிறெயின் வாங்கினேன், நல்ல வேளை கடதாசியில் சுட்டுப் பார்த்தேன், அதே துவக்கு, அதே 100 யார், மூன்று அங்குலம் கீழே விழுந்தது. மானின் நெஞ்சில் நீ குறி வைக்கிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார், மூன்று வெடியும் எதில் தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குள் விழுகிறதோ அதை நாலைந்து பெட்டியாக வாங்கி வை.

துவக்கு வாங்க முதல் எந்த ஊரில் இருக்கப் போகிறாய் என்று எழுது. தென் ஒன்ராறியோவில் சில இடங்களில் மானுக்கு றைபிளே கூடாது, ஷொட்கண்தான். அப்படியென்றால் இவ்வளவு நேரம் நான் சொன்னதில் பாதி உனக்கு உதவாது.