பட்டும் படாமலும் ஒரு பசை

வணக்கம் சார்,

எங்கள் அலுவலகப் பயிற்சி வகுப்பில் போஸ்ட்-இட் தாளின் (ஒட்டி, உரித்து எடுக்கும் குறிப்புச் சீட்டு) கதையைச் சொன்னார்கள். வலுவான பசை செய்யப் போனவர் சொதப்பிவிட்டாராம். அந்தச் சொதப்பலே பணமாகக் கொட்டியதாம். ஆகவே தோல்விக்கு அஞ்சாதீர்கள் என்று முடித்தார்கள். ஒரே கைதட்டல். எனக்கென்னவோ உறுத்துகிறது. உண்மையில் அப்படித்தானா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

உறுத்தல் நியாயமானதுதான். 1968இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், த்ரீஎம் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வர் வலுவான பசைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பது சரி. ஆனால் அவர் கைதவறி எதையும் கொட்டிவிடவில்லை. வினைபுரியும் பொருளை வழக்கமான அளவுக்கு மேல் சேர்த்தால் என்ன ஆகிறது பார்ப்போமே என்று தெரிந்தேதான் சேர்த்தார். விளைவு மட்டுமே எதிர்பாராதது. கிடைத்தவை அக்ரிலேட் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கின் நுண்ணிய உருண்டைகள். படலமாகப் பரவும் பசை முழுப் பரப்பையும் கவ்வும்; இவையோ புள்ளி புள்ளியாகத்தான் தொடும். அதனால் ஒட்டும், கிழியாமல் உரியும், மறுபடி ஒட்டும். 1972இல் காப்புரிமைகூடக் கிடைத்தது. இதை வைத்து என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. அறிவிப்புப் பலகையில் பூசினால் குண்டூசி இல்லாமல் தாள் ஒட்டலாம் என்றார் சில்வர். பலகை எத்தனை விற்றுவிடும்?

1974இல் அதே நிறுவனத்தின் ஆர்ட் ஃபிரை வருகிறார். தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த துண்டுச் சீட்டுகள் உதிர்ந்துகொண்டே இருக்க, சில்வரின் பசை அவர் நினைவுக்கு வந்தது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அடுத்ததைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பசை சீட்டோடு நிற்காமல் புத்தகப் பக்கத்துக்குத் தாவியது. ரோஜர் மெரில், ஹென்றி கோர்ட்னி என்ற இருவர் சீட்டுக்கு ஓர் அடிப்பூச்சு தயாரித்தார்கள். சுவரில் பெயின்ட் பிடித்து நிற்க முதலில் பிரைமர் அடிக்கிறோமே, அதே வேலை. உருண்டைகள் அதன் பிறகே சீட்டிலேயே தங்கின. இதில் தற்செயல் எங்கே இருக்கிறது? குறை தெரிந்தது, உட்கார்ந்து தீர்த்தார்கள். இந்த இருவரைச் சொன்னால் கைதட்டல் விழாது, அதனால் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

பொருள் எதற்கானது என்பதும் பிறகுதான் தெளிந்தது. ஃபிரை ஓர் அறிக்கைமேல் சீட்டை ஒட்டிக் கேள்வி எழுதி அனுப்ப, மேலதிகாரி அந்தச் சீட்டிலேயே பதில் எழுதித் திருப்பினார். பக்க அடையாளம் என்றால் ஒரு சீட்டு ஆயுசுக்கும் போதும்; குறிப்புச் சீட்டு தீர்ந்துகொண்டே இருக்கும். வியாபாரம் அங்கேதான் இருக்கிறது.

வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்பது த்ரீஎம் வழக்கம். தோல்விக்கு அஞ்சாதே என்று ஊழியருக்குச் சொல்லும் நிறுவனங்கள் இந்த நேரத்தைக் கொடுக்கின்றனவா என்று அடுத்த வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

அசல் தற்செயல் ஒன்று உண்டு: மஞ்சள் நிறம். பக்கத்து ஆய்வகத்தில் மிச்சமாகக் கிடந்த தாள் அந்த நிறம், அவ்வளவுதான்.

1977இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள், போணியாகவில்லை. தொட்டுப் பார்க்காதவருக்கு இது என்னவென்றே புரியவில்லை. மறு ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகர அலுவலகங்களில் இலவசமாகவே அள்ளிக் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், இனி காசு கொடுத்தே வாங்குவோம் என்றார்கள். 1980இல் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்துவிட்டது.

அன்புடன்.