டானிக் அடித்தால் வாழை சாயாதா?

கேள்வி: ஐயா, சிறுமுகையை அடுத்த லிங்காபுரம் பக்கம், பவானிசாகர் அணையின் தண்ணீர் நிற்கும் பகுதியை ஒட்டி எங்களுக்குப் பட்டா நிலம் இரண்டு ஏக்கர். முழுக்க நேந்திரன் வாழை. ஏழு மாதம் முடிந்து பாதி மரம் தார் தள்ளிவிட்டது. போன சித்திரையில் ஒரே சாயங்காலக் காற்றில் முக்கால் தோட்டம் படுத்துவிட்டது. இந்த வாரமும் இடியுடன் மழை, மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்கிறார்கள். எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியுமா? மருந்துக்கடையில் தண்டு உறுதியாக சிலிக்கா டானிக்கும் பொட்டாஷும் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: அடிக்க வேண்டாம் தம்பி. அந்தப் பணத்துக்குச் சவுக்குக் கழி வாங்குங்கள்.

வாழையின் தண்டு என்பது ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய இலை மட்டைதான். தார் தள்ளிய பிறகு அந்த மரம் புது இலை விடாது. புது இலை இல்லையென்றால் தண்டு பருக்கவும் வழியில்லை. நெல்லில் சிலிக்கா கொஞ்சம் உதவும், அதை மறுக்கவில்லை. பொட்டாஷும் வாழைக்கு உயிர்தான், ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து மண்வழியாகக் கொடுத்திருக்க வேண்டியது. சாய்வதற்கு முந்தின வாரம் இலைமேல் தெளித்துத் தண்டைக் கெட்டியாக்குகிறேன் என்பவர் விற்பது மருந்து இல்லை, உங்கள் பயத்தை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின்மேல் விழும் அழுத்தம் நாலு மடங்காகும். எந்தப் பாட்டிலும் அதற்குப் பதில் சொல்லாது.

எந்த நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். கோடை இடிமழையை அப்படிச் சொல்ல முடியாது. பகல் வெயிலில் கொதித்த தரைக்காற்று ஈரத்தோடு மேலே போய், மத்தியானத்துக்கு மேல் மேகம் கோபுரமாக எழும். மழை இறங்கும்போது அதோடு குளிர்ந்த காற்றும் கீழே விழுந்து, தரையில் பட்டு நாலாபக்கமும் பாயும். மழைக்கு முன்னால் புழுதியோடு வரும் சில்லென்ற காற்று அதுதான். தென்மேற்குப் பருவக்காற்று திசை சொல்லி வரும். இதற்குத் திசையே கிடையாது, மேகம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அடிக்கும். உங்களுக்குக் கூடுதல் சிக்கல் அந்த நீர்த்தேக்கம். தண்ணீருக்கு மேலேயும், கோடையில் தண்ணீர் வற்றி விட்டுப்போன வெட்டவெளியிலும் காற்றைத் தடுக்க ஒரு புதர்கூட இல்லை. ஊருக்குள் 30-ல் வரும் காற்று உங்கள் வரப்பில் வேகம் கூடித்தான் வரும்.

மார்ச் முதல் மே வரைக்கான வானிலைக் கண்ணோட்டம் வெயிலும் மழையும் கூடுமா குறையுமா என்பதோடு நின்றுவிடும். சென்னை மண்டல வானிலை மையம் மாவட்டவாரியாகத் தரும் மூன்று மணி நேர எச்சரிக்கைதான் உங்களுக்குப் பயன்படும். மின்னலுக்கு ‘தாமினி’ செயலியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் செய்ய முடிவது இரண்டே காரியம்: மோட்டாரை நிறுத்துவது, ஆளை வீட்டுக்கு அனுப்புவது. ஊறிப்போன மண் வேரைப் பிடிக்காது. மழை வரும் என்று தெரிந்தும் முறைத் தண்ணீரை விடக்கூடாது என்று பாய்ச்சுகிறவர்களை என்ன சொல்வது!

சரி, நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். போன வருடம் மரங்கள் எப்படிச் சாய்ந்தன? நடுவில் முறிந்தனவா, கிழங்கோடு பெயர்ந்தனவா? கடிதத்தில் அது இல்லை, எனக்கு வேண்டியதோ அதுதான். நடுவில் முறிந்திருந்தால் பெரும்பாலும் தண்டைக் குடையும் கூன்வண்டாக இருக்கும். நேந்திரனென்றால் அதற்குக் கொண்டாட்டம். காய்ந்த மட்டையை உரித்துப் பாருங்கள்: குண்டூசித் தலையளவு ஓட்டையும், அதிலிருந்து பிசின்போல ஒழுகின கசிவும் தெரியும். உள்ளே புழு குடைந்த மரம் லேசான காற்றுக்கே ஒடியும். சருகையும் காய்ந்த மட்டையையும் இன்றைக்கே கழித்துவிடுங்கள். தார் தள்ளிய மரத்துக்கு ஊசியில் பூச்சிமருந்து ஏற்றச் சொன்னால் கேட்காதீர்கள், அந்தக் காயை யாரோ சாப்பிடப் போகிறார்கள். கிழங்கோடு பெயர்ந்திருந்தால் வேர் போயிருக்கலாம். இரண்டு வேரை எடுத்து நீளவாக்கில் கீறிப் பாருங்கள். வெள்ளையாக இருக்கவேண்டிய உட்பக்கத்தில் செம்பழுப்புத் திட்டு இருந்தால் நூற்புழு, வேருக்குள் இருந்து தின்னும் கண்ணுக்குத் தெரியாத புழு. அதற்கு அடுத்த நடவில் கிழங்கைச் சீவி நேர்த்தி செய்வதும் பயிரை மாற்றுவதும்தான் வழி. இப்போதைக்கு மண் அணைக்கலாம், அவ்வளவே.

இனி நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் காதில் விழாத விஷயம். காற்று வரும் காட்டில் வேலி இல்லாமல் வாழை வைப்பது சூதாட்டம். உயிர்வேலி, அதாவது மரங்களையே நட்டு வளர்க்கும் வேலி என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றே: “நிழல் அடிக்கும், வேர் வந்து உரத்தைத் தின்னும், ஒரு வரிசை நட்டம்.” ஒரு வரிசை நட்டமா, முக்கால் தோட்டம் நட்டமா? உங்கள் இரண்டு ஏக்கரைச் சதுரமாக நினைத்தால் பக்கத்துக்குச் சுமார் 90 மீட்டர். ஆறு மீட்டர் உயர வேலி, தன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றை நன்றாகத் தணிக்கும், அதாவது 60 மீட்டர். நாலு பக்கமும் இருந்தால் எந்தப் பக்கம் அடித்தாலும் பெரும்பகுதி காப்பாற்றப்படும்.

வெளி வரிசையில் சவுக்கு, உள் வரிசையில் அகத்தி, முக்கோண நடவாக. காற்றுத் தடுப்புக்கென்றே கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் சவுக்கு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள், ரோட்டோர நர்சரிக் கன்று வேண்டாம். அகத்தி ஒரே வருடத்தில் வாழையைத் தாண்டும், தழை ஆட்டுக்கு ஆகும். வேலிக்கும் வாழைக்கும் நடுவே ஒரு சிறு வாய்க்கால் எடுத்தால் வேர்ப் பிரச்சினை தீர்ந்தது. நெருக்கமாக அடைத்துவிடாதீர்கள், பாதிக்குப் பாதி காற்று புகுந்து போகவேண்டும். சுவர் மாதிரி அடைத்தால், மேலே ஏறிய காற்று பின்பக்கம் சுழன்று இறங்கி மரத்தைத் திருகிப்போடும். பச்சை வலை கட்டினால் போதும் என்று விற்கிறார்களே, அதிலும் இதே கதை; முதல் காற்றில் வலையும் கம்பமும் சேர்ந்து வாழைமேல் விழும். சவுக்கு மூன்று வருடத்தில் கழியாகும், அடுத்த வாழைக்கு முட்டுக்கொடுக்க அதுவே போதும். யானைக்கு இந்த வேலி ஒன்றும் செய்யாது, அது உங்கள் பக்கத்துத் தனிக் கதை.

இந்த வாரத்துக்கு: தார் தள்ளிய மரத்துக்கு முதலில் முட்டு. ஒரு கழி போதாது, குறுக்காக இரண்டு வைத்து, தார் வளையும் கழுத்துக்குக் கீழே தாங்கவிட்டு, உரசும் இடத்தில் சருகு மடித்து வையுங்கள். தார் சாயும் பக்கம் கழி இருக்கவேண்டும். கயிறு போட்டு மரத்துக்கு மரம் கட்டுவது சுலபமாகத் தெரியும். ஒரு மரம் சாய்ந்தால் வரிசையே சாயும், அதனால் வேண்டாம். நீர்த்தேக்கத்தைப் பார்த்த வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள்.

அதையும் மீறி விழுந்தால், வெட்டி ஒதுக்குவதற்கு முன் சர்வே எண்ணோடு போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலை உதவி அலுவலருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முக்கால் பருவம் வந்த தாரைச் சிப்ஸ் போடுபவர்கள் வாங்குவார்கள், மறுநாளே பேசிவிடுங்கள். ஒடிந்த மரத்தடியில் நல்ல ஈட்டிக் கன்று (இலை ஈட்டிபோலக் குறுகலாக இருக்கும் பக்கக்கன்று) ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். கூன்வண்டு இருந்த தண்டைக் காட்டில் போட்டு வைக்காமல் துண்டாக்கி அப்புறப்படுத்துங்கள். ஆடிக்குள் வேலிக்குக் கன்று சொல்லிவைத்தீர்களா என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.