ஸ்பீடு டெஸ்ட்ல 100, கேம்ல லேக்: பழி யார் மேல?

வணக்கம்ங்க. ராத்திரி 9 மணிக்கு விளையாட உட்கார்ந்தா பிங் (கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்புற நேரம்) 30 மில்லிசெகண்ட்லிருந்து 400-க்கு எகிறுது, ஸ்பீடு டெஸ்ட்ல மட்டும் 100 எம்பிபிஎஸ் காட்டுதுன்னு எழுதியிருந்தீங்க. அஸ்தம்பட்டியில எங்க வீட்லயும் இதே கூத்துதான். நான் பையனோட கார்ட்டூன் மேல பழி போட்டேன், பாவம். கடைசியில பார்த்தா வீட்டுக்காரம்மா போன், ஏற்காட்டுல எடுத்த வீடியோ அத்தனையையும் பேக்கப்புக்கு ஏத்திட்டு இருந்துச்சு.

அப்லோடு, அதாவது வீட்லேருந்து வெளியே போற வழி, நிரம்பினா பாக்கெட் (தகவலைப் பிரிச்சு அனுப்புற சின்னத் துண்டு) எல்லாம் வரிசையில நிக்கும். கேம் பாக்கெட் எவ்வளவு குட்டியா இருந்தாலும் கடைசியிலதான். கோடை விழா சமயத்துல 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸுக்குப் பின்னாடியே ஊருற மாதிரி.

பேக்கப்பை நிறுத்திட்டு ஒரு ஆட்டம் போட்டுப் பாருங்க. பிங் இறங்கினா நோய் இதுதான். ரூட்டர்ல எஸ்கியூஎம் (SQM, இந்த வரிசையைச் சீர்படுத்துற வசதி) இருந்தா ஆன் பண்ணுங்க. ரூட்டர்ல ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt, லினக்ஸ்ல ஓடுற இலவச ரூட்டர் சாஃப்ட்வேர்) ஏத்த முடிஞ்சா, எஸ்கியூஎம்ல 'கேக்'ங்கற (CAKE) முறையை எடுங்க, 2018-லயே லினக்ஸ் 4.19-க்குள்ள வந்துடுச்சு. அந்த செட்டிங்ல வேகத்தை லைன்ல நிஜமா வர்றதுல 90 சதவீதத்துக்குக் கட்டிடணும், இல்லேன்னா வரிசை ரூட்டர் கைக்கு எட்டாம மோடம்ல போய்ச் சேரும். பெரிய பிளானுக்குக் காசை விடாதீங்க.

எங்க வீட்ல சார்ஜ் போட்டா மட்டும் பேக்கப்னு வச்சிருக்கேன். அவங்க சார்ஜ் போடுறதே நான் விளையாட உட்காரும்போதுதான், அது வேற கதை.