டிவிஷன் 3 கோச்சுக்கு மேல் டிவிஷன் வீரர் கிடைப்பாரா?

கேள்வி: ஹூப்ஸ் டைனஸ்டி என்ற இணையக் கூடைப்பந்து ஆட்டத்தை ஆட ஆரம்பித்து மூன்று சீசன் முடிந்துவிட்டது. டிவிஷன் 3 அணி. ஒவ்வொரு சீசனிலும், டிவிஷன் 1, 2 மட்டத்து ஆள் என்று ஆட்டத்தில் குறிக்கப்பட்ட வீரர்களைத் துரத்துகிறேன். கடைசி நேரத்தில் ஒரு பெரிய கல்லூரி வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. என் பட்ஜெட்டும் காலி, நம் மட்டத்தில் இருந்த நல்ல வீரர்களும் போய்விடுகிறார்கள். மேல் டிவிஷன் வீரர்களை நிஜமாகவே பிடிக்க முடியுமா, அல்லது அந்த ஆசையை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் யாரைத் துரத்துகிறீர்கள் என்பதை மாற்ற வேண்டும். இதுவரை "பட்டியலில் எட்டக்கூடிய சிறந்த வீரர் யார்?" என்று பார்த்திருப்பீர்கள். இனி "மேலே இருப்பவர்களுக்குத் தேவைப்படாமல் மிஞ்சப்போகிறவர் யார்?" என்று பாருங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. வாட்இஃப்ஸ்போர்ட்ஸ் தளத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஒன்றுக்கு நீங்கள் கோச். புதியவர்கள் அடிமட்டமான டிவிஷன் 3இல் தொடங்கி, உச்சியில் உள்ள டிவிஷன் 1 நோக்கி ஏற வேண்டும். அணிக்கு 12 ஸ்காலர்ஷிப் இடங்கள். நிஜத்தில் டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை, ஆட்டத்தில் மட்டும் உண்டு.

முதலில், அந்த "டிவிஷன் 1" என்ற முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு வீரரின் மொத்த மதிப்பெண் என்பது அவருடைய எல்லாத் திறன்களையும் கூட்டி வருவது. சென்டர், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் நின்று ஆடும் உயரமான பையனுக்குப் பந்தைத் தட்டிச் செல்லும் திறன் 60 இருந்தால் கூட்டுத்தொகை ஏறும். ரிங்குக்கு அடியில் அவர் செய்யும் வேலைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நான் சென்டருக்கு ரீபவுண்ட், தடுப்பாட்டம், ஷாட் பிளாக், லோ போஸ்ட் (ரிங்குக்கு அருகில் நின்று புள்ளி எடுப்பது), உடல் வலு இந்த ஐந்தையும்தான் முதலில் பார்ப்பேன். கூடவே வொர்க் எதிக், அதாவது உழைக்கும் குணம். நான்கு வருடம் நம்மிடம் இருக்கப்போகிறவர் எவ்வளவு வளர்வார் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்படிப் பார்த்தால் டிவிஷன் 1 பட்டியலில் பாதிப் பேர் நமக்கு வேண்டாம் என்று தெரிந்துவிடும். மாறாக, இப்போது மதிப்பெண் குறைவாகவும், வளரும் இடம் அதிகமாகவும் உள்ள டிவிஷன் 2 வீரர் ஒருவர் மூன்றாம் வருடத்தில் உங்கள் அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்.

நிஜ வாழ்க்கையிலும் இது நடந்திருக்கிறது. டெவியன் ஜார்ஜ் மினியாபோலிஸில் உள்ள ஆக்ஸ்பர்க் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் ஆடியவர். 1999இல், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், லேக்கர்ஸ் அணி அவரை முதல் சுற்றில், 23ஆவது ஆளாக எடுத்தது. டங்கன் ராபின்சனும் வில்லியம்ஸ் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் தொடங்கி, மிச்சிகனுக்கு மாறி, என்பிஏ வரை போனார்.

சரி, நீங்கள் கடைசி நேரத்தில் தோற்பது ஏன்? 2016இல் வந்த மூன்றாம் பதிப்புக்குப் பிறகு ஆள் சேர்ப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. இடையில் கோச்கள் வேறு கல்லூரிக்கு மாறுகிறார்கள். பெரிய அணிகளின் வீரர்கள் சிலர் என்பிஏவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் கட்டத்தில் இடம் நிறைந்திருந்த கல்லூரி, இரண்டாம் கட்டத்தில் திடீரென்று இரண்டு காலி இடத்தோடும் புதிய பணத்தோடும் வந்து நிற்கும். நீங்கள் முன்பே பேசி வைத்த பையனைத் தூக்குவது பெரும்பாலும் அவர்கள்தான்.

ஆகவே டிவிஷன் 2 என்று குறித்த வீரர்களில், சீக்கிரமே கையெழுத்திட விரும்புகிறவர்களைத் தேடுங்கள். முதல் கட்டத்திலேயே அவர்களை முடித்துவிட்டால் அப்புறம் யார் வந்தாலும் கவலை இல்லை. டிவிஷன் 1 முத்திரை உள்ளவர்கள் விஷயத்தில் நேர்மாறாகச் செய்வேன்: முதல் கட்டத்தில் அவர்களுக்காகப் பெரிய செலவே செய்ய மாட்டேன். இரண்டாம் கட்டம் ஓடி, பெரிய கல்லூரிகளின் இடங்கள் நிறைந்த பிறகும் யார் கையெழுத்திடாமல் இருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்காகவே ஒதுக்கி வைத்த பணத்தை அங்கே இறக்குவேன்.

இதற்குக் கொஞ்சம் கணக்கு வேலை உண்டு, பெரும்பாலானோர் செய்யாத வேலை. உங்கள் வீரரைத் தேடும் மற்ற கல்லூரிகள் யார் யார் என்று பாருங்கள். ஒவ்வொன்றின் அணிப் பட்டியலையும் திறந்து, எத்தனை கடைசி வருட வீரர்கள் வெளியேறுகிறார்கள், உங்கள் வீரர் ஆடும் இடத்துக்கு அங்கே ஆள் தேவையா என்று பாருங்கள். மூன்று நல்ல பாயின்ட் கார்டுகளை (பந்தை முன்னெடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துபவர்களை) வைத்திருக்கும் கல்லூரி உங்கள் பாயின்ட் கார்டுக்காக உயிரைக் கொடுக்காது. இரண்டே இடம் காலியாக இருக்கும் கோச் நான்கு பேரைத் துரத்தினால், இரண்டு பேர் மிஞ்சத்தான் வேண்டும்.

அடுத்து விருப்பங்கள். சிலருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் படிக்க வேண்டும், சிலருக்கு ஜெயிக்கும் அணி வேண்டும், சிலருக்கு ஆட நேரம் வேண்டும். நமக்கான ஆள் இந்த மூன்றாமவர்தான். முதல் வருடத்திலேயே தொடக்க ஐவரில் இடம், இத்தனை நிமிடம் என்று வாக்குக் கொடுங்கள். பெரிய கல்லூரி அதைச் சொல்லத் தயங்கும், உங்களால் தாராளமாகச் சொல்ல முடியும். ஆனால் கொடுத்தால் காப்பாற்றுங்கள். ஏமாந்த பையன் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார், உங்கள் முதலீடும் கூடவே போகும். அருகில் இருப்பவராகவும் பாருங்கள், தூரம் கூடக் கூட வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் செலவும் கூடும்.

இன்னொரு விஷயம்: முன்னணியில் இருந்தாலே வீரர் கிடைத்துவிடுவார் என்பதில்லை. முடிவு கிட்டத்தட்டக் குலுக்கல்தான், அதிகம் உழைத்தவருக்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவே. தலா 40 சதவீத வாய்ப்புள்ள இரண்டு பேருக்காக முழு பட்ஜெட்டையும் கொட்டினால், இருவருமே கைநழுவ 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்றில் ஒரு தடவைக்கும் மேல்! உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் இலக்கை காலி இடத்தின் எண்ணிக்கைக்கு ஏற்ப வையுங்கள். பட்ஜெட் காலி இடத்தைப் பொறுத்தே வருகிறது. ஐந்து, ஆறு இடம் காலியாகும் வருடத்தில் முதலில் மூன்று நம் மட்டத்து வீரர்களை உறுதி செய்துவிட்டு, மீதியில் இரண்டு பேருக்கு மேலே கை நீட்டுங்கள். ஒன்றிரண்டு இடம் மட்டும் காலியாகும் வருடத்தில் மேல் டிவிஷன் பக்கமே போகாதீர்கள், காசு பத்தாது. கடைசியில் ஒரு இடம் நிரம்பாவிட்டால் பதற்றத்தில் கண்ட ஆளை எடுக்காமல் வாக்-ஆன், அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆடும் ஒருவரை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஸ்காலர்ஷிப் அடுத்த சீசனுக்குக் காலி இடமாகவே இருக்கும். மைதானம் முழுக்க நெருக்கும் பிரஸ் தடுப்பாட்டம் ஆடுகிறீர்கள் என்றால் மட்டும் இதில் கவனம் வேண்டும்: வீரர்கள் சீக்கிரம் களைப்பார்கள், பெஞ்சில் நல்ல ஆள் வேண்டும்.

இந்த சீசனுக்கு இப்போதே செய்ய வேண்டியது: உங்கள் மாநிலத்திலும் பக்கத்து மாநிலங்களிலும் உள்ள டிவிஷன் 2 வீரர்களில், சீக்கிரம் கையெழுத்திட விரும்பும், ஆட நேரம் கேட்கும் பெயர்களைத் தனியாக எழுதி வையுங்கள். எட்டுப் பத்துப் பேர் தேறலாம். அவர்களைத் தேடும் கல்லூரிகளின் அணிப் பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் முதல் அட்டென்ஷன் பாயின்ட்டை (ஒரு வீரர் மீது நீங்கள் காட்டும் கவனத்துக்கு ஆட்டம் தரும் புள்ளியை) செலவழிக்க வேண்டும்.