திட்டு வாங்கும் தொழில்: கேள்வி பதில்

முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கிரிக்கெட் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசகர்களிடம் வாங்கும் வசவை எப்படித் தாங்குகிறேன் என்று கேட்டவர்களுக்கு இன்று மாலை பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

திருச்சி ஆஃப் ஸ்பின்னர்: சார், முதல் திட்டு ஞாபகம் இருக்கிறதா?

மறக்குமா? 1999 ஜனவரி, சேப்பாக்கம், பாகிஸ்தானுடன் டெஸ்ட். 271 எடுத்தால் வெற்றி. சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம் தன் ஆட்களோடு மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் பாராட்டி எழுதினேன்.

அடுத்த வாரம் ஆபீஸுக்கு ஒரு கட்டு அஞ்சல் கார்டு வந்தது. பாதிக்கு மேல் 'அங்கேயே போய்விடு' ரகம். ஒரு கார்டு மட்டும் இன்றைக்கும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. சிவப்பு மை, பொடி எழுத்து. இடம் போதாமல் முகவரிப் பக்க ஓரத்திலும் ஏறியிருக்கும். முழுக்கத் திட்டு, நடுவில் ஒரு வரி: "சச்சின் போனபோது தேவை 17 ரன், கையில் 3 விக்கெட். நீர் 4 என்று எழுதியிருக்கிறீர். எண்ணத் தெரியாதவருக்குப் பேனா எதற்கு?"

ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அடுத்த பத்தியின் முதல் வரியே திருத்தம். மனிதர் அதற்கப்புறமும் பல வருடம் எழுதினார். திட்டு ஒரு சொட்டு குறையவில்லை, ஆனால் அவரளவுக்குப் பிழை பிடிக்கிற ஆள் எங்கள் ஆபீஸில் கிடையாது.

அன்றிலிருந்து திட்டுக் கடிதத்தை இரண்டு தடவை படிக்கிறேன். முதல் தடவை வயிறு எரியும், எரியட்டும். இரண்டாவது தடவை கையில் பென்சில். எண், பெயர், தேதி ஏதாவது தேறுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். தேறினால் அடிக்கோடு, இல்லாவிட்டால் பழைய பேப்பர் கட்டு.

சேலம் வாசகி: மாவட்டப் போட்டிகள் பற்றி எழுதுகிறேன். ராத்திரி ஒருவர் கன்னாபின்னாவென்று எழுதினார். உடனே பதில் கொடுத்துவிட்டேன். தப்பா?

ராத்திரி பதில் எழுதாதீர்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். ராத்திரி எழுதிய பதிலில் பாதியைக் காலையில் நீங்களே அனுப்ப மாட்டீர்கள்.

கோவை கீப்பர்: அண்ணே, நம் கருத்தே தப்பாகிப்போனால்?

2019 உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜடேஜாவைத் துண்டு துக்கடா ஆட்டக்காரர் என்கிற அர்த்தத்தில் முன்னாள் ஆட்டக்காரரும் வர்ணனையாளருமான சஞ்சய் மஞ்ச்ரேக்கர் பேசிவிட்டார். 'நீங்கள் ஆடியதைப்போல இரண்டு மடங்கு ஆடியவன் நான்' என்று ஜடேஜா ஊரறியத் திருப்பிக் கொடுத்தார். சில நாளில் மான்செஸ்டரில் அரையிறுதி. 92க்கு 6 விக்கெட் போன நிலையில் ஜடேஜா உள்ளே வந்து 59 பந்தில் 77 அடித்தார். 18 ரன்னில் தோற்றோம், ஆனால் அன்று மஞ்ச்ரேக்கரின் பேச்சும் சேர்ந்து தோற்றது. அதை அவர் மழுப்பாமல் ஒப்புக்கொண்டார். எனக்கு அது பிடித்தது. 'நான் சொல்ல வந்தது வேறு' என்று நாலு பத்தி எழுதுகிற சக ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

ஆனால் ஜடேஜாவின் பேட்தான் பதில். இரண்டு மடங்கு ஆடினேன் என்பதெல்லாம் பதில் ஆகாது.

மதுரை வேகம்: நீ எத்தனை மேட்ச் ஆடியிருக்கிறாய்?

வந்துவிட்டீர்களா? சென்னை லீக்கில் நாலாம் டிவிஷன், இரண்டு சீசன், ஒரு அரை சதம். கச்சேரியில் சுருதி விலகினால் முன்வரிசை மாமாவுக்குத் தெரிகிறது. அவர் பாடி யார் கேட்டார்கள்?

தஞ்சை வாசகர்: சாதி சொல்லித் திட்டுகிறார்களே ஐயா?

எந்த ஆட்டக்காரரைப் பாராட்டினேனோ அவர் சாதி எனக்கு. இதுவரை நாலு சேர்ந்திருக்கிறது.

தூத்துக்குடி நிருபர்: என் வீடு இருக்கும் தெருவைச் சொல்லி மிரட்டுகிறார்கள். பெண் என்பதால் இன்னும் மோசமாக.

அம்மா, இதை விமர்சனக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒன்றையும் அழிக்க வேண்டாம். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், இன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள், சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுங்கள். 'தோல் தடிக்கணும்' என்று யாராவது அறிவுரை சொன்னால் காதில் வாங்காதீர்கள். பெண்களுக்கு வருகிற கடிதங்களை ஒரு வாரம் நான் பிரித்துப் பார்த்தேன். எனக்கு வருவதெல்லாம் அதன் பக்கத்தில் கொஞ்சல்.

அடையாறு அம்பயர்: 2019-ல் ஜெய்ப்பூர் ஐ.பி.எல். ஆட்டத்தில் அஸ்வின், பந்து போடாமலே, மறுமுனையில் நின்ற பட்லரை ரன் அவுட் செய்ததை நியாயப்படுத்தினீரே, கூசவில்லையா?

கூசவில்லை. பந்து போடும் முன்பே கிரீஸ் கோட்டைத் தாண்டி நகர்கிறவருக்கு ஏன் ஒரு அடி இனாம்? 1947-ல் சிட்னியில் நம் வினூ மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படித்தான் அவுட்டாக்கினார். எதிரணிக் கேப்டன் பிராட்மேனே மன்கட் பக்கம் நின்றார்.

நெல்லை நைட்வாட்ச்மேன்: அப்படிக் கேளுங்க! பட்லர் 2014-லேயே இலங்கை சேனநாயக்கவிடம் இதே மாதிரி அவுட்டானவர்தானே?

ஆமாம், எட்ஜ்பாஸ்டனில். அதற்கு முன் எச்சரிக்கையும் வாங்கியிருந்தார்.

அடையாறு அம்பயர்: சேனநாயக்க எச்சரித்தார், மன்கட் அதே பயணத்தில் முன்பே எச்சரித்திருந்தார். அஸ்வின் எச்சரித்தாரா?

எச்சரிக்க வேண்டும் என்று விதியில் எங்கே இருக்கிறது? கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 2022-ல் இந்த அவுட்டை 'முறையற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து தூக்கிச் சாதாரண ரன் அவுட் விதியோடு சேர்த்துவிட்டது.

அடையாறு அம்பயர்: 2022 விதியை வைத்து 2019-க்குத் தீர்ப்பா? வீடியோவை நிறுத்திப் பாரும். அஸ்வின் கை பந்தை விடவேண்டிய இடத்துக்கு வந்தபோது பட்லர் கிரீஸுக்குள். அஸ்வின் நின்றார், அப்புறம்தான் பட்லர் வெளியே போனார். அதைப் பற்றி உம் பத்தியில் ஒரு வார்த்தை உண்டா?

இல்லை. பழைய பத்தியை இப்போதுதான் எடுத்துப் படித்தேன். அந்தத் தயக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருந்திருக்க வேண்டும். மூன்றாவது அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன், அது சோம்பல். முடிவில் இன்னும் அஸ்வின் பக்கம்தான், ஆனால் வாதத்தில் ஓட்டை இருந்தது உண்மை.

நெல்லை நைட்வாட்ச்மேன்: நீங்களும் கவுத்துட்டீங்களே!

நீங்களும் வீடியோவைப் பாருங்கள் தம்பி.

பல ஊர்கள்: தோனி மெதுவாக ஆடினார் என்று எழுதியதற்கு எப்போது மன்னிப்புக் கேட்பீர்கள்?

இதோடு பதினோராவது முறை. அதே மான்செஸ்டர் அரையிறுதியில் 72 பந்தில் 50. மெதுவாகத்தான் ஆடினார். அந்த உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் ஆட்டத்துக்கப்புறம் இதையே மென்மையாகச் சொன்ன சச்சினையே விடவில்லை, நான் எம்மாத்திரம்? பன்னிரண்டாவது கேள்விக்குப் பதில் கிடையாது.

சேலம் வாசகி: அந்த ஆள் மறுபடி எழுதியிருக்கிறார். இப்போதே ஒரு வரி மட்டும்...

மணி என்ன? போனைக் கவிழுங்கள்.

அடையாறு அம்பயர்: இன்னும் மூன்று விஷயம் இருக்கிறது. மன்கட் பற்றி நீர் சொன்னதிலும் ஒரு...

பதினொன்றே கால் ஆகிவிட்டது. காலையில் படிக்கிறேன், பென்சிலோடு.